ரயில் ஏறிய ஆட்டின் சொற்கள்

ஒன்று, இரண்டு என்று பத்து வரை எண்ணுவதை விட்டுவிட்டால், என் கணவரின் வாயில் இப்போது முழுசாக வரும் சொற்கள் எல்லாம் நான் எழுதியவை. கேட்கிறவர்கள், "அட, எவ்வளவு அழகா இருக்கு!" என்கிறார்கள். அழகாவது மண்ணாவது. அவரவர் வீட்டில் நடந்தால் தெரியும்.

நான் சின்னப் பிள்ளைகளுக்குப் படக்கதைப் புத்தகம் செய்கிறவள். கதையும் நானே, படமும் நானே. மேற்குத் தாம்பரத்தில், மாடி வீட்டுப் பால்கனியைக் கண்ணாடி வைத்து அடைத்து அங்கே மேசை போட்டிருக்கிறேன். எழுதச் சொன்னால் எழுதுவேன், வரையச் சொன்னால் நாள் முழுக்க வரைவேன். ஆனால் நாலு பேர் முன்னால் வாசிக்கச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த வேலையை அவர் எடுத்துக்கொண்டார். அவருக்குத் திருமுடிவாக்கத்தில் ஒரு லேத் பட்டறையில் சூப்பர்வைசர் வேலை. வாரம் முழுக்க மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திவிட்டு, சனிக்கிழமை ஆனால் என்னையும் புத்தகக் கட்டையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு சேலையூரோ படப்பையோ, எந்தப் பள்ளிக்கூடம் கூப்பிட்டாலும் கிளம்பிவிடுவார். நான் மூலையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். பிள்ளைகள் அவரைத்தான் எழுத்தாளர் என்று நினைத்துக் கையெழுத்துக் கேட்பார்கள். அவரும் கூச்சமே இல்லாமல் போட்டுக் கொடுப்பார்.

என் புத்தகங்களில் அதிகம் ஓடியது ஓர் ஆட்டுக் கதை. கடல் பார்க்க ஆசைப்பட்ட ஆடு ஒன்று தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி பீச் ஸ்டேஷன் வரை போகிறது, அவ்வளவுதான். "தள்ளு தள்ளு, தாம்பரம் ஆடு வருது!" என்று ஆரம்பிக்கும். "டிக்கெட் எங்கே? டிக்கெட்டா? தின்னாச்சு!" என்று போகும். பிள்ளைகளுக்குப் படம் தெரிய வேண்டும் என்பதால் புத்தகத்தை அவர்கள் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டுதான் வாசிக்க முடியும். வாசிக்கிறவர் கண்ணில் எழுத்து படாது. அதனால் அவர் அந்தக் கதையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை மனப்பாடம் செய்து வைத்திருந்தார். ஆட்டுக்கு ஒரு குரல், டிக்கெட் பரிசோதகருக்கு மூக்கால் ஒரு குரல்.

போன வருஷம் மழைக்காலம் ஆரம்பிக்கும் முன்னால் ஒரு காலை, பல் விளக்கிக்கொண்டிருந்தவர் வாஷ்பேசினை ஒரு கையால் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்து என்னமோ சொன்னார். சத்தம் வந்தது, சொல் வரவில்லை. பக்கவாதம். ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள், அதற்குக் குறை சொல்ல மாட்டேன். கால் மெல்ல மெல்லத் தேறியது. வலது கை பாதிதான் தேறியது. பேச்சு வரவே இல்லை. எதைக் கேட்டாலும் "அது... அது..." என்று ஆரம்பித்து, நெற்றி நரம்பு புடைக்கத் திணறி, கடைசியில் கையை உதறிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஊரையே பேசிப் பேசிச் சிரிக்க வைத்த மனுஷன்.

எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது, இப்போதும் இருக்கிறது. கல்யாணம் ஆன புதிதில் என் பெயரில் பாதியைக் கடித்துத் தின்றுவிட்டு, மீதியை இழுத்து ஒரு மாதிரி கூப்பிட ஆரம்பித்தார். அந்தப் பெயரில் வேறு யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. அம்மா அப்பா வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது, புத்தக அட்டையில் இருக்கிறது. இது அவர் வாயில் மட்டும் இருந்தது. பாத்ரூமிலிருந்து துண்டு கேட்டாலும் அதுதான், கோபத்தில் கத்தினாலும் அதுதான். அதை இங்கே எழுதப் போவதில்லை. அவர் திரும்பப் பேச வேண்டும், எல்லாமும் பேச வேண்டும் என்று பேராசைப்படவில்லை. அந்த ஒரு சொல் வந்தால் போதும்.

வீட்டுக்கு வந்து சில வாரம் கழித்து, ஒரு நாள் நான் அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். ஹாலிலிருந்து, "தள்ளு தள்ளு, தாம்பரம் ஆடு வருது!" என்று குரல். அவர் குரல். அதே ஆட்டுக் குரல், அதே இழுவை. பால் பொங்கினால் பொங்கட்டும் என்று ஓடினேன். டீப்பாயில் கிடந்த புத்தகத்தை எடுத்து மடியில் விரித்து, இடது கையால் பக்கத்தைத் திருப்பிக்கொண்டு சொல்லிக்கொண்டே போகிறார். ஒரு சொல் பிசகவில்லை. பீச் ஸ்டேஷன் வந்தது, கடல் வந்தது, முடிந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார், அழுதார். நானும் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். கருகிய பால் நாற்றம் ஹால் வரைக்கும் வந்துவிட்டது.

அன்றைக்கே வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு வீடியோ கால் போட்டேன். அவர் முன்னால் புத்தகத்தை வைத்தேன். ஆரம்பித்தார். மகன் தலையில் கை வைத்துக்கொண்டு, "அம்மா, அப்பா பேசுறாரும்மா! அப்பா பேசுறாரு!" என்று குதித்தான். கதை முடிந்ததும் அவன் ஆசை ஆசையாக, "அப்பா, காலைல என்னப்பா சாப்ட்டீங்க?" என்று கேட்டான்.

அவர் வாயைத் திறந்தார். நெற்றி நரம்பு புடைத்தது. பிறகு, "தள்ளு தள்ளு, தாம்பரம் ஆடு..." என்றார்.

மகன் முகம் அப்படியே நின்றுவிட்டது. "நெட் சரியில்லம்மா, அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டான். நெட் நன்றாகத்தான் இருந்தது.

பேச்சுப் பயிற்சிக்குப் பொத்தேரியில் ஒரு சின்ன கிளினிக்குக்குப் போய்க்கொண்டிருந்தோம். பயிற்சி கொடுக்கும் பெண்ணுக்கு எங்கள் மகனைவிட வயது குறைவு. அவளிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "அங்கிளுக்கு வேற ஏதாவது இப்படி மனப்பாடமா தெரியுமா ஆன்ட்டி? சாமி பாட்டு, ஸ்லோகம், ஜெபம் மாதிரி?" என்று கேட்டாள்.

"அவர் சாமியே கும்பிட மாட்டாரும்மா. பாட்டுன்னா கழுதை ராகம்."

அவள் சிரிக்கவில்லை. "ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. இது பேச்சு இல்ல. ரொம்ப நாள் திரும்பத் திரும்பச் சொன்னது தானா வருது. ஒண்ணு ரெண்டு மூணு சொல்ற மாதிரி. இதுலேருந்து ஒரு வார்த்தைய எடுத்து அவரால யூஸ் பண்ண முடியாது. இது வருதேன்னு இதையே நம்பிக்கிட்டு இருக்காதீங்க."

வரும் வழியெல்லாம் அவளை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். நேற்றுப் படிப்பை முடித்த பொண்ணு, இவளுக்கு என்ன தெரியும் என்று. ஆனால் அவள் சொன்னதுதான் சரி. அந்தக் கதையில் "இன்னும் இல்லை" என்று ஓர் இடம் வரும். குரோம்பேட்டை வந்தாச்சா, இல்லை, இன்னும் இல்லை. அந்த 'இல்லை'யை மட்டும் அவரால் தனியாக எடுக்க முடியாது. அந்த இடம் வர வேண்டுமானால் முதல் பக்கத்தில் ரயில் ஏறித்தான் வர வேண்டும்.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மாள் கோவளம் பக்கத்துக் குப்பத்துக்காரி. அவருக்கும் அவளுக்கும் வாரம் தவறாமல் வாய்ச்சண்டை நடக்கும், பேரத்துக்கு என்று இல்லை, சும்மா ருசிக்கு. அவர் படியில் உட்கார்ந்திருப்பதை நோய்க்குப் பிறகு முதல் தடவையாகப் பார்த்ததும் கூடையை இறக்கி வைத்தாள். "இன்னா சார், எப்டி கீறீங்கோ? ஆளே பாதியாப் பூட்டியே!"

அவருக்கு அவளைப் பார்த்ததில் அவ்வளவு சந்தோஷம். என்னவோ பதில் கொடுக்க வாயைத் திறந்தார். "தள்ளு தள்ளு, தாம்பரம் ஆடு வருது!"

அவள் பதறிப்போய்க் கூடையை முந்தானையால் மூடித் தெருவைத் திரும்பிப் பார்த்தாள். "எங்க சார் ஆடு? ஒண்ணியும் காணமே!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் முகம் கறுத்துப்போய், சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். விஷயத்தை நான் சொல்லப் போனேன். அவளுக்கு அதற்குள் புரிந்துவிட்டது. "அய்ய, நான் ஒரு கூறுகெட்டவ" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவர் படியில் உட்காரவில்லை.

அந்த ஆட்டுக் கதையை முதலில் எழுதியபோது அதில் இன்னொரு பக்கம் இருந்தது. ஆட்டுக்குத் தாகம் எடுக்கும், பிளாட்பாரக் குழாயடியில் நின்று, "தாகமா இருக்கு, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்று கேட்கும். ஆடு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு குழாயைப் பார்க்கிற மாதிரி வரைந்த பிறகு, அந்த வரி எனக்கு உறுத்தியது. படத்தில் இருப்பதை எழுத்தில் ஏன் இன்னொரு தரம் சொல்ல வேண்டும்? என் தொழிலில் பாதி வேலை சொல்லை வெட்டுவதுதான். அவர் சண்டைக்கே வந்துவிட்டார். "பசங்க அதைச் சொல்லிப் பாப்பாங்க, இருந்துட்டுப் போகட்டுமே" என்றார். நான் வெட்டினேன். இன்றைக்குக் கேட்டாலும் வெட்டுவேன், புத்தகத்துக்கு அதுதான் சரி. ஆனால் இப்போது அவருக்குத் தாகம் எடுத்தால் டம்ளரைத் தட்டுகிறார். 

அதனால்தான் அவருக்கு என்று ஒரு புத்தகம் செய்ய உட்கார்ந்தேன். ஆட்டுக் கதை எப்படி உள்ளே போனதோ அதே வழியில் இதுவும் போகட்டும், சந்தத்தோடு எழுதித் தினமும் சொல்லிக்கொண்டே இருந்தால் ஒரு நாள் ஏறாதா என்று. கிளினிக்கில் பயிற்சிக்குக் கொடுத்த பட அட்டைகளை அவர் தொடுவதில்லை. ஆப்பிளும் பனிக்கரடியும் வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? நான் எங்கள் வீட்டையே வரைந்தேன். கை பழகின பழக்கம், அவரைக் குண்டுத் தலையும் உப்பின கன்னமுமாக, பிள்ளைகள் புத்தகத்து மாமா மாதிரி வரைந்து வைத்துவிட்டேன். பார்த்தார். இடது கையால் விசிறி அடித்தார் பாருங்கள், பால்கனிக் கண்ணாடியில் போய் விழுந்தது. சொல்தான் போயிருந்தது, ரோஷம் எங்கேயும் போகவில்லை. எனக்கும் கோபம் வந்து, "போங்க, எனக்கென்ன வந்தது" என்று கத்திவிட்டு பென்சிலை வீசினேன். மறுநாள் மறுபடியும் உட்கார்ந்தேன். அலங்காரம் இல்லாமல், அவர் இப்போது இருக்கிற மாதிரியே, கோணின உதட்டோடு வரைந்தேன்.

இதற்கு நடுவில் பதிப்பகத்தில் இருந்து எடிட்டர் கூப்பிட்டார். ஆட்டுக்கு இரண்டாம் பாகம் கேட்டார். "ஆடு இந்தத் தடவை கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுக்குப் போற மாதிரி பண்ணலாமே மேடம்?" என்றார். அந்த டிராஃபிக்கில் கிளாம்பாக்கம் போய்ச் சேர்வதற்குள் ஆட்டுக்கே வயசாகிவிடும் சார் என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த ஆட்டின் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

தண்ணீருக்கு ஒரு பக்கம், வலிக்கு ஒரு பக்கம், ஃபேனுக்கு ஒரு பக்கம், போதும் என்பதற்கு ஒரு பக்கம். கடைசிக்கு முந்தின பக்கம் எனக்கு. இத்தனை வருஷத்தில் ஊரில் உள்ள காக்கா, நாய், பஸ் கண்டக்டர் எல்லாரையும் வரைந்திருக்கிறேன், என்னை ஒரு தடவைகூட வரைந்ததில்லை. குளியலறைக் கண்ணாடியைக் கழற்றி வந்து மேசையில் சாய்த்து வைத்துக்கொண்டு வரைந்தேன். நரைத்த முன்முடி, கழுத்தில் மாட்டின மூக்குக்கண்ணாடி, மை படிந்த நைட்டி. கீழே எழுத்து: "இது யாரு?" அதற்குக் கீழே அந்தப் பெயர். முதல் தடவையாக அதை எழுத்தில் பார்த்தேன். எழுத்துக்கூட்டுவது சரியா என்று கேட்கக்கூட ஆள் இல்லை.

தினமும் காலைக் காபிக்குப் பிறகு பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறேன். மழைக்காலம் போய், வெயில் வந்து, அடுத்த மழையும் வந்துவிட்டது. புத்தகம் உள்ளே ஏறவில்லை. ஒரு வரிகூட. "இதுக்கு மேல முன்னேற்றம் ரொம்ப மெதுவாத்தான் இருக்கும் ஆன்ட்டி" என்று அந்தப் பெண் போன மாதம் சொன்னாள். வாரம் ஒரு தடவை வந்தால் போதும் என்றும் சொன்னாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

ஆனாலும் வாசிக்கிறேன். வாசிக்க நாக்கு ஒட்டிக்கொள்கிற நான், இப்போது குரல் மாற்றி வாசிக்கிறேன். என் பக்கம் வரும்போது ஆரம்பத்தில் வெட்கமாக இருந்தது. தன் பெயரைத் தானே எப்படிக் கூப்பிட்டுக்கொள்வது? முணுமுணுத்துவிட்டுத் தாண்டிப் போவேன். பிறகு, முணுமுணுத்தால் அவருக்கு எப்படி ஏறும் என்று சத்தமாகச் சொல்லப் பழகினேன். அவர் இழுக்கிற இடத்தில் இழுத்து, அவர் தூக்குகிற இடத்தில் தூக்கி. நேற்றுச் சொன்னபோது என் குரலே எனக்கு அவர் குரல் மாதிரிக் கேட்டது. "என்னங்க" என்று பதில் சொல்லப் போய் நிறுத்திக்கொண்டேன்.

அவர் ரொம்ப நல்லபடியாகக் கேட்டார். வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு, படத்தையே பார்த்துக்கொண்டு, யாரோ ஒருத்தியின் கதையைக் கேட்கிற மாதிரி. பிறகு, அடுத்த பக்கம் போ என்று இடது கையால் என் முழங்கையைத் தட்டினார்.