எண்ணெய் வைத்த கையும் எரியாத ஸ்பார்க்கும்

அன்று அங்கே இருந்தது நான். என் மனைவி ரோஸ். பக்கத்து வீட்டு முனியாண்டி அண்ணன். அவர் சம்சாரம் லெட்சுமி அக்கா. அப்புறம் என் கார். வேறு யாரும் இல்லை.

சபையாருக்கு ஸ்தோத்திரம். எனக்குப் பேச வராது. படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. நடந்ததை மட்டும் எழுதி வாசிக்கிறேன்.

எங்கள் தோட்டம் தஞ்சோங் டாவாய் போகிற ரோட்டை ஒட்டி இருக்கிறது. அன்று ஞாயிறு. லயத்து வீட்டு ஆட்கள் எல்லாரும் பெண்டாங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். வண்டிகளும் போய்விட்டன. நாங்கள் ஆராதனை இருந்ததால் போகவில்லை. அண்ணன் ஆடுகளுக்காக நின்றுவிட்டார்.

என் கார் அறுபத்தேழாம் வருஷத்து மாடல். ஆராதனை முடிந்து வந்ததும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, ஸ்பார்க்குக்குக் கரண்டை விட்டு விட்டுத் தரும் பாயிண்ட்டை உரசி, இடைவெளி பார்த்து வைத்தேன். வழக்கம்போல பாஸ்டர் ஜெபித்துத் தந்த எண்ணெயையும் வைத்தேன். மூடினேன். ஸ்டார்ட் செய்து பார்க்கவில்லை. சாப்பிடப் போய்விட்டேன்.

மூன்று மணி இருக்கும். லெட்சுமி அக்கா கத்தினார். ஆட்டுக்குப் புல் அறுக்கப் போன அண்ணனை ஊலார் காப்பாக், விரியன் பாம்பு, கொத்திவிட்டது. செம்பனை ஓலைக்கு அடியில் சுருண்டு கிடந்திருக்கிறது. வலது கால், பெருவிரலுக்குப் பக்கம். இரண்டு பல் பதிந்திருந்தது. ரத்தம் நிற்கவில்லை.

ரோஸ் ஆம்புலன்ஸுக்குப் போன் அடித்தாள். வண்டி வேறு இடத்துக்குப் போயிருக்கிறது, வர ஒரு மணி நேரமாவது ஆகும் என்றார்கள். காலைக் கட்டாதீர்கள், அசைக்காதீர்கள், வீக்கம் எதுவரைக்கும் வருகிறதோ அங்கே பேனாவால் கோடு போடுங்கள், வண்டி இருந்தால் நீங்களே கொண்டு வாருங்கள் என்றார்கள்.

வண்டி இருந்தது. அண்ணனைப் பின்சீட்டில் கிடத்தினோம். ரோஸ் கணுக்காலுக்குக் கீழே முதல் கோடு போட்டாள்.

சாவியைத் திருப்பினேன். இஞ்சின் சுற்றியது. பிடிக்கவில்லை.

பெட்ரோல் வந்தது. ஒரு பிளக்கைக் கழற்றி, வயரை மாட்டி, இஞ்சின் மேல் வைத்தேன். ரோஸ் சாவியைத் திருப்பினாள். ஸ்பார்க் இல்லை. காயிலிலிருந்து வரும் தடித்த வயரை இஞ்சினுக்குப் பக்கத்தில் பிடித்தேன். அதிலும் இல்லை. காயிலில் டெஸ்ட் பல்பை வைத்தேன். இஞ்சின் சுற்றும்போது பல்பு விட்டு விட்டு எரிய வேண்டும். அது எரிந்தபடியே நின்றது. பாயிண்ட்டில் கரண்ட் ஓடவில்லை என்று அர்த்தம்.

மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பாயிண்ட் ஒழுங்காகத் திறந்து மூடியது. அன்றைக்குத்தான் உரசியது. அது கெட்டிருக்காது என்று விட்டுவிட்டேன். உள்ளே இருக்கும் சின்ன வயரை மாற்றினேன். கண்டன்சரை மாற்றினேன். எதுவும் ஆகவில்லை. பேட்டரியும் இறங்கிக்கொண்டே வந்தது.

ரோஸ் இரண்டாவது கோடு போட்டாள். கணுக்காலுக்கு மேலே.

"ஏசுவே நெருப்பைப் போடும்" என்று வாய்விட்டு ஜெபித்தேன். மூன்று தடவை. ஒன்றும் நடக்கவில்லை. லெட்சுமி அக்கா அவர் சாமியைக் கூப்பிட்டு அழுதார். எனக்கு வந்த கோபத்தில் ஸ்பேனரைத் தரையில் வீசினேன். ஆண்டவர் மேல்தான் கோபம்.

ரோஸ் மெதுவாகச் சொன்னாள். "அவர் கிட்ட சண்ட போடாதீங்க. எங்க தப்புன்னு கேளுங்க."

மட்கார்டில் தலையை வைத்தேன். ஆண்டவரே, எனக்குத் தெரிந்தது தீர்ந்துவிட்டது. தப்பு எங்கே என்று காட்டும். அவ்வளவுதான் கேட்டேன்.

முகம் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பக்கத்தில் இருந்தது. வாசனை வந்தது. பெட்ரோல் வாசனை இல்லை. ஜெப எண்ணெய் வாசனை.

வழக்கமாக எண்ணெயை ஸ்டீரிங்கில் வைப்பேன். அன்று மூடி திறந்திருந்தது. காருக்கு இதுதான் உயிர் என்று நினைத்து, விரலில் தொட்டுப் பாயிண்ட்டிலேயே தடவியிருந்தேன். டிராக்டர் ஓட்டி முப்பது வருஷம் இஞ்சின் பார்த்தவன் நான். பாயிண்ட்டில் எண்ணெய் பட்டால் கரண்ட் ஓடாது என்று எனக்குத் தெரியும். ஜெபித்த எண்ணெய் என்பதால் அதன் மேல் சந்தேகமே வரவில்லை.

சட்டைப் பையில் காணிக்கைக் கவர் இருந்தது. காலையில் சபையில் அடுத்த வாரத்துக்குக் கொடுத்தது, காலியாக இருந்தது. அதை நீளமாகக் கிழித்து, பெட்ரோலில் நனைத்து, பாயிண்ட்டுக்கு நடுவில் விட்டு இழுத்தேன். எண்ணெய் வந்தது. காய்ந்த துண்டை விட்டு இழுத்தேன். பிறகு இன்னொன்று. கடைசித் துண்டு வெள்ளையாகவே வந்தது. பெட்ரோல் காயும்வரை நின்றேன்.

ரோஸ் மூன்றாவது கோடு போட்டிருந்தாள்.

மூடியை மாட்டினேன். பேட்டரியில் ஒரு தடவைக்குத்தான் சக்தி இருந்தது. திருப்பினேன். இழுத்து இழுத்துச் சுற்றியது. பிடித்துவிட்டது.

போகிற வழியில் என் தப்பைச் சொன்னேன்.  பின்சீட்டிலிருந்து அண்ணன் குரல் வந்தது. "தம்பி, அடுத்த தடவ எண்ணெய என் தலைல வை லா. கார் பாவம்."

லெட்சுமி அக்கா அழுதுகொண்டே அவர் தோளில் ஒரு அடி போட்டார்.

சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். உயிருக்குப் பயமில்லை, ஆனால் இரண்டு கால்விரல் கறுத்திருக்கிறது, எடுக்க வேண்டி வரலாம் என்றார் டாக்டர். நீங்கள் எல்லாரும் ஜெபித்தீர்கள். லெட்சுமி அக்கா தினமும் காலையில் போர்வையை விலக்கி விரல்களை எண்ணுவார். அவர் எண்ணி முடிக்கும்வரை நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்த விரல் போனால் அது என் கை செய்தது.

இப்போதும் எண்ணெய் வைக்கிறேன். என் நெற்றியில். காரை ஸ்டார்ட் செய்து பார்த்த பிறகு.

முன்பு ஆண்டவரிடம் கொடும் என்று மட்டும் கேட்பேன். இப்போது காட்டும் என்று கேட்கிறேன். அவர் காட்டுவது சில சமயம் நம் கையாகவே இருக்கும். வெட்கமாக இருக்கும். பரவாயில்லை. நீங்களும் கேட்டுப் பாருங்கள். அவர் பதில் சொல்லாமல் விடமாட்டார்.

அண்ணனையும் இங்கே கூப்பிட்டேன். ஆடு இருக்கிறது, வர முடியாது என்றார். "போய் விரல் கணக்க மட்டும் மறக்காம சொல்லு" என்றார்.

பத்து.