சனிக்கிழமைக் குரல்

கணக்கு டீச்சர் வீட்டில் சாயங்காலம் குடும்ப ஜெபம் நடக்கும். அதற்கு டீச்சர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. ஒருவர் ஆண்டவரிடம் சொன்னதைப் பற்றி, எழுந்த பிறகு மற்றவர் மூச்சு விடக் கூடாது. நல்ல சட்டம்தான். ஆனால் வீட்டுக்காரர் லேசுப்பட்ட ஆளா? மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, முழங்காலில் நின்று, "ஆண்டவரே, சாப்பாட்டுல உப்புப் போட மறக்காத ஞாபக சக்தியை இவளுக்குத் தாரும்" என்று வேண்டிக்கொள்வார். டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு ஆமென் சொல்வார். மறுநாள் சாப்பாடு உப்புக் கரிக்கும்.

டீச்சரின் ஜெபம் நீளம். முக்கால்வாசி, கடல் கடந்து எங்கோ சண்டையில் வீடிழந்து கூடாரத்தில் படிக்கும் பிள்ளைகளுக்காகத்தான். சபை செய்த ஏற்பாட்டில் சனிக்கிழமைதோறும் கணினி வழியாக அவர்களுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார். ஒருத்திக்கு இருமல், ஒருவனுக்குச் செருப்பு இல்லை, இன்னொருத்தி பின்னக் கணக்கைக் கண்டாலே திரையைவிட்டு ஒளிந்துகொள்வாள். எல்லாரையும் பேர் சொல்லி ஆண்டவரிடம் ஒப்படைப்பார். அது வேஷமில்லை. அங்கே மழை என்று கேள்விப்பட்டால் கூடாரம் ஒழுகுமே என்று சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கும் மனுஷி அவர்.

அவருடைய ஒரே மகள் பள்ளி இறுதித் தேர்வில் கணக்கில் மட்டும் தோற்றிருந்தாள். கணக்கு டீச்சர் மகள் கணக்கில் தோற்றால் நாலு பேர் வாய் சும்மா இருக்குமா? டீச்சர் உள்ளே வந்ததும் ஆசிரியர் அறையில் பேச்சு நின்றது. மறுதேர்வு நெருங்கியது. தினமும் பள்ளி விட்டு வந்ததும் சாப்பாட்டு மேசையில் மகளை உட்காரவைத்துச் சொல்லித் தருவார். கொஞ்ச நேரம் நன்றாகப் போகும். அப்புறம், "இதுகூடத் தெரியலையா? எத்தன தடவ சொல்றது?" என்று குரல் ஏறும். மகள் பென்சிலை வைத்துவிட்டுச் சுவரைப் பார்ப்பாள். மறுதேர்வு எழுதவே போவதில்லை என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அவர் அதை டீச்சரிடம் வந்து சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை வகுப்பு முடிந்து மூவரும் முழங்காலில் நின்றார்கள். மகளின் முறை.

"ஆண்டவரே, என்னையும் அந்தக் கூடாரத்துப் பிள்ளைங்கள்ல ஒருத்தியா ஆக்கிடும். அங்க யாராவது தப்பாப் போட்டா அம்மா, 'பரவாயில்ல தங்கம், திரும்பப் பாப்போம்'னு சொல்றாங்க. அது என் ரூம் வரைக்கும் கேக்குது. ஆமென்."

அப்பா எதையோ சொல்ல வந்து, சட்டம் நினைவுக்கு வர அடுக்களைக்குப் போனார். டீச்சருக்கு முதலில் கோபம்தான் வந்தது. இவளுக்கு என்ன குறை வைத்தேன்? துணியா, சாப்பாடா, படிப்பா? பாத்திரம் கழுவும்போது, இவளைத் தங்கம் என்று கடைசியாக எப்போது கூப்பிட்டோம் என்று யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை. அந்தப் பிள்ளைகள் தோற்றால் ஆசிரியர் அறையில் யாரும் பேச்சை நிறுத்தப் போவதில்லை. பொறுமை வேண்டும் என்று ஆண்டவரிடம் கேட்டிருக்கிறார், அவரும் கொடுத்திருக்கிறார். அதை முழுக்கக் கடலுக்கு அந்தப் பக்கமே செலவழித்துவிட்டோமே என்று நினைத்தபோது டீச்சருக்கு அழுகை வந்தது.

மறுநாள் ஆராதனை முடிந்து வந்து மேசையில் உட்கார்ந்தார்கள். இரண்டாவது வரியிலேயே மகள் கழித்தல் குறியைக் கோட்டைவிட்டாள். டீச்சர் வாயைத் திறந்தார், மூடினார்.

"பரவாயில்ல... தங்கம்."

புதுச் செருப்பு மாதிரி அந்த வார்த்தை கடித்தது.

"நடிக்காதம்மா," என்றாள் மகள், தலை நிமிராமல்.

"நடிப்புதான். இன்னும் சரியா வரல," என்றார் டீச்சர். "ஜெபத்துல சொன்னதப் பத்திப் பேசக் கூடாதுன்னு சொன்னவளே நான்தான். இன்னிக்குப் பேசிடுறேன். அந்தப் பிள்ளைங்க தோத்தா எனக்குப் பாவமா இருக்கும். நீ தோத்தப்போ எனக்கு அவமானமா இருந்துச்சு. அதத்தான் உன் மேல கத்தித் தீத்துக்கிட்டேன். தப்பு என்மேலதான்."

மகள் அழிப்பானை வைத்து ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க யாராவது அழுதா என்ன செய்வ?"

"கணக்க நிறுத்திடுவேன். அழுது முடிக்கிற வரைக்கும் கூடவே இருப்பேன்."

"அப்ப நிறுத்தும்மா," என்றாள் மகள். குரல் உடைந்துபோயிருந்தது.

மறுதேர்வுக்கு ஐந்தே நாள்தான் இருந்தது. டீச்சர் புத்தகத்தை மூடினார்.