பூகோளத்துக்கு ஒரு குடை

இன்னைக்குப் போடியில வெயில் மண்டையப் பொளந்துச்சு. மலைக்கு அந்தப் பக்கம் பூப்பாறைக்குப் போற பஸ்சுல அம்மா மடியில குடை.

எதுக்கும்மான்னேன்.

"பள்ளிக்கூடத்துல எனக்குப் பூகோளம்னா உசுரு. மழையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிட்டு, நமக்கு வெறுங்காத்துதான் வரும். இப்படிப்பட்ட ஊருக்குப் பாடத்துல என்ன பேரு, சொல்லு?"

தெரியலன்னேன். அம்மா பஸ்சையே பாத்துக் கேட்டுச்சு.

பின்சீட்டு மலையாளத்து அக்கா, "மழநிழல், சேச்சி!"ன்னாங்க.

"எங்க புஸ்தகத்துல மழை மறைவுன்னு இருக்கும். நிழல் இன்னும் அழகா இருக்கே!" அம்மா முகத்தப் பாக்கணுமே!

போடிமெட்டு தாண்டுனதும் கொட்டுது மழை. பூப்பாறையில எங்களோட அந்தக்காவும் குடையில்லாம இறங்குனாங்க. அம்மா எங்க ஒத்தக் குடையையும் நீட்டிருச்சு.

"சரியாச் சொன்னதுக்குப் பரிசு."

இப்போ டீக்கடை ஓரமா நனைஞ்சுக்கிட்டு நிக்கிறோம். அம்மா அடுத்த கேள்விக்குத் தொண்டையச் செருமுது. பூகோளம் தெரிஞ்சவங்க வெரசா கமெண்ட்டுக்கு வாங்க.