ரீட் மட்டும் எங்களிடம் இருந்தது

பேய், ஆவி, காத்து கருப்பு எதையும் நான் நம்பினவன் இல்லை. இப்போது நம்புகிறேனா என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. கரண்ட் ஆபீசில் வயர்மேனாக இருந்தவன் நான். ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் புளியமரத்தில் கொள்ளிவாய்ப் பிசாசு எரிகிறது என்று யாராவது ஓடிவந்தால், ஏணியைத் தூக்கிக்கொண்டு போய், கிளை உரசித் தீப்பொறி பறக்கிற கம்பியைக் காட்டி, "இந்தா உம்ம பிசாசு, நல்லா பாத்துக்கிடும் வே" என்று சொல்லிவிட்டு வருவேன். கண்ணுக்குத் தெரியாத கரண்டை நம்பிப் பிழைக்கிறவர் பேயை மட்டும் ஏன் நம்பமாட்டேன் என்கிறீர் என்று எங்கள் சபைக் குருவானவரே கேலி செய்திருக்கிறார். இதைக் கேட்டு நீங்களும் சிரிக்கலாம், எனக்குக் கோபம் வராது.

எங்களுக்கு ஒரே மகன், செல்வின். தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டையில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தான், தினமும் பஸ்ஸில் போய்வருவான். ஒரு கல்யாண ஊர்வலத்தில் ஆல்டோ சாக்ஸபோனைக் கேட்டுவிட்டு வந்தான், அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. "சோறு போடுமாலே அது?" என்று கேட்டேன். "போடாதுப்பா, ஆனா வேணும்" என்றான். இப்படி நேராகச் சொல்கிற பிள்ளையிடம் என்னத்தைச் சண்டை போட? ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் பாளையங்கோட்டையில் வாத்தியக் கடைக்குப் போனோம். புதுசின் விலையைக் கேட்டதும் கையில் எடுத்ததை அப்படியே திரும்ப வைத்துவிட்டேன். கடைக்காரருக்கு என் முகத்தைப் பார்த்தே புரிந்திருக்க வேண்டும், வண்ணார்பேட்டையில் ஒரு பேண்ட் செட்டுக்காரர் பழையது ஒன்றைத் தள்ளிவிடப் பார்க்கிறார், போய்ப் பாருங்கள் என்று அவரே சொல்லி அனுப்பினார்.

அந்தப் பேண்ட் மாஸ்டர் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துத் திறந்தபோது எனக்குப் பெரிய ஏமாற்றம். பளபளப்பெல்லாம் போய், பித்தளை அங்கங்கே கறுத்து, ஒரு சாவியை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருந்தது. சாவி என்றால் விரலால் அமுக்குகிற மூடி. இந்த ஓட்டை உடைசலுக்கா இந்த விலை என்று நான் பேரம் பேச ஆரம்பித்தேன், செல்வின் பின்னால் நின்று என் சட்டையைப் பிடித்து இழுக்கிறான். மாஸ்டர் என்னை விட்டுவிட்டு அவனிடம் பேசினார். வாத்தியத்தின் ஊதுகிற முனையில் சொருகுகிற நாணல் துண்டு ஒன்றை எடுத்து நீட்டி, "இதுதான் தம்பி ரீடு. இதுக்கு நாக்கு மாதிரி. முதல்ல வாயில வச்சு நல்லா நனைக்கணும், காஞ்ச ரீடு பேசாது, கேட்டியா" என்றார். அவன் உடனே வாயில் வைத்துக்கொண்டான். பிறகு நான் எங்கே பேரம் பேச? சொன்ன விலையில் கொஞ்சம் குறைத்துக் கொடுத்துவிட்டு வந்தோம். பஸ்ஸில் வீடு வரைக்கும் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தான், மேலே வைக்கச் சொன்னதற்கு மாட்டேன் என்றுவிட்டான். அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை.

காலேஜ் விட்டு வந்து, விளக்கு வைக்கிற நேரத்துக்கு மொட்டைமாடியில் போய் நின்று ஊதுவான். சுற்றிலும் வாழைத்தோப்பு, சத்தம் ஆற்றங்கரை வரைக்கும் போகும். "அண்ணாச்சி, எருமை எப்ப வாங்குனிய?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். ஆனால் மூன்று நான்கு மாதத்தில் கோயிலில் பாட்டுக்குக் கூட வாசிக்கிற அளவுக்கு வந்துவிட்டான், கேலி பேசினவரே கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ரப்பர் பேண்ட் போட்ட சாவியில் மட்டும் ஒரு சுரம் கரகரவென்று உடைந்து வரும், தொண்டை கட்டினவன் பாடுகிற மாதிரி. மாற்றிவிடலாமா என்று கேட்டால், "அது கெடக்கட்டும்பா, அதான் நம்ம வாத்தியம்னு தெரியும்" என்பான்.

மறு வருஷம் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மூளைக்காய்ச்சல். வாரம் திரும்புவதற்குள் பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தோம். இதற்கு மேல் அதைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள்.

எங்கள் சபையில் விளைச்சலுக்கு நன்றி சொல்கிற அறுப்பின் பண்டிகை அன்று வீட்டுக்கு ஒரு பொருள் காணிக்கையாகக் கொண்டுபோவோம். வாழைத்தார், சேவல், பூசணிக்காய், பெண்கள் பூப்போட்டுத் தைத்த தலையணை உறை, எதுவும் இருக்கும். ஆராதனை முடிந்ததும் பந்தலில் ஏலம். கொடுத்தவர்களே தங்கள் பொருளைக் கூடுதல் விலைக்குக் கேட்டு எடுத்துக்கொள்வதும் உண்டு, பணம் கோயிலுக்குச் சேரும், பொருள் ஆசீர்வாதத்தோடு வீட்டுக்குத் திரும்பும். சாவு விழுந்த வீட்டில் இறந்தவர் பொருளைக் கொடுத்து இப்படித் திரும்ப எடுப்பார்கள். அதற்கு எதிராக யாரும் கேட்கமாட்டார்கள், ஊருக்கே தெரிந்த வழக்கம் அது. அந்தப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கிறது, கொடுத்து எடுத்தாலாவது மனசு ஆறுமா பார்ப்போம் என்று என் மனைவி கிரேஸ் சொன்னாள். பெட்டியைத் துடைத்து வைக்கும்போது ரீடை மட்டும் கழற்றி, காலியான தைல டப்பாவில் போட்டு மூடி, அலமாரியில் வைத்துவிட்டாள். "இது அவன் வாயில இருந்தது. இத ஏலத்துல வைக்க என்னால முடியாது" என்றாள்.

அந்தப் பந்தலில் பாளையங்கோட்டையிலிருந்து விருந்துக்கு வந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். பேர் அருள்ராஜ், தையல்கடை வைத்திருப்பவர். அவருக்கு எங்கள் ஊர் வழக்கம் தெரியாது. நான் ஒரு விலை கேட்டேன், அவர் அதற்கு மேல் கேட்டார். பந்தலே அமைதியாகிவிட்டது. என்னை விட்டால் போட்டிக்கு வேறு ஆளில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார் போல, நான் ஏற ஏற அவரும் ஏறினார். ஏலம் விடுகிற செயலாளர் அவரைப் பார்த்துக் கண்ணைக் காட்டுகிறார், அவர் அதை உற்சாகப்படுத்துவதாக எடுத்துக்கொண்டு சிரிக்கிறார். என் கையில் இருந்தது தீர்ந்தது. அது என் பிள்ளையுடையது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், வாயைத் திறந்தால் அழுகைதான் வரும் என்று தெரிந்ததால் திறக்கவில்லை. ஏலம் முடிந்தபிறகு அவரிடம் போய்ச் சொல்லப் புறப்பட்டவர்களையும் நான்தான் தடுத்தேன். "விடுங்க வே, ஏலத்துல போனது ஆண்டவருக்குப் போனது" என்று பெரிதாகப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்து, கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து அழுதேன்.

இனி நான் சொல்வதை நம்பினால் நம்புங்கள். பண்டிகை முடிந்து கொஞ்ச நாள் இருக்கும், விளக்கு வைக்கிற நேரத்தில் கிரேஸ் டப்பாவைத் திறந்தவள் என்னைக் கூப்பிட்டாள். ரீட் ஈரமாக இருந்தது. ஓடு ஒழுகியிருக்கும் என்றேன், மழையே இல்லை. துடைத்து வைத்தோம், காலையில் காய்ந்திருந்தது, சாயங்காலம் மறுபடி ஈரம். வெறும் தண்ணீர் இல்லை, தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது, அப்போதுதான் யாரோ வாயிலிருந்து எடுத்து வைத்த மாதிரி. டப்பாவை மாற்றினேன். என் டூல்ஸ் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டேன். அப்படியும் ஈரம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் காய்ந்தே கிடந்தது. இவள்தான் எப்படியோ எடுத்து வாயில் வைக்கிறாள் என்று நினைத்து, கேட்டும் விட்டேன். அவள் கோபப்படவில்லை. "எந்த நேரத்துல ஈரமாகுதுன்னு பாத்தியளா? அவன் மாடிக்குப் போற நேரம். அந்தப் பெட்டிய எப்படியாவது திரும்ப வாங்கிட்டு வாங்க, பிள்ள வீட்டுக்கு வரணும்னு தவிக்கான்" என்றாள். அதற்குப் பிறகு அவள் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, பெட்டி பெட்டி என்று அதே சொல்தான். மகனைக் கொடுத்தாயிற்று, இவளையும் கொடுத்துவிடுவேனோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அதனால்தான் பாளையங்கோட்டைக்குப் போனேன். ரீடைத் துடைத்துக் காயவைத்து, டப்பாவோடு சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அருள்ராஜ் வீட்டுத் தெருவில் திரும்பும்போதே சத்தம் கேட்டது, நடுவில் அந்தக் கரகரத்த சுரமும் வந்தது.  வேப்பமரத்தடியில் ஒதுங்கி நின்று டப்பாவைத் திறந்து பார்த்தேன், ஈரம். பழகின புத்தி, சோதித்துப் பார்க்காமல் விடாது. பாட்டு நின்றபோது வேட்டி நுனியால் நன்றாகத் துடைத்து, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடியே நின்றேன். உள்ளே மறுபடி வாசிக்க ஆரம்பித்தார். என் கண் முன்னால், என் கையிலேயே, நுனியிலிருந்து ஈரம் மெதுவாக ஏறியது.

கதவைத் தட்டினேன். அருள்ராஜுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. எதற்கு வந்தேன் என்று நான் சொல்வதற்கு முன்னாலேயே அவர் முகம் மாறிவிட்டது. ஏலத்துக்கு அடுத்த வாரமே விருந்து வீட்டுக்காரர்கள் விஷயத்தைச் சொல்லிவிட்டார்களாம், எந்த முகத்தோடு வருவது என்று தெரியாமல் இருந்திருக்கிறார். "தெரியாமக் கேட்டுட்டேன் அண்ணாச்சி. மனசுல வச்சிக்கிடாதீங்க. இப்பவே எடுத்துட்டுப் போங்க, எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்று பெட்டியில் வைத்து மூடி என் கையில் கொடுத்தார். பேச்சுவாக்கில் கேட்டேன், புது ரீட் வாங்கிப் போட்டு, கடையை அடைத்துவிட்டு வந்து தினமும் இந்த நேரத்துக்கு வாசிப்பாராம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாயங்கால ஆராதனைக்குப் போய்விடுவாராம்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன். எவ்வளவு நாள் ஏங்கின பொருள் கையில் இருக்கிறது. அப்போதுதான் அது மனசில் பட்டது. இதை வீட்டுக்குக் கொண்டுபோனால் யார் வாசிப்பது? எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. பெட்டி கட்டிலுக்கு அடியில் கிடக்கும், டப்பாவில் ரீட் காய்ந்து கிடக்கும். இந்த மனுஷன் ஊதுகிற வரைக்கும்தான் என் பிள்ளையின் வாய் ஈரம் என் வீட்டில் இருக்கும். திரும்பிப் போய்ப் பெட்டியை அவர் திண்ணையில் வைத்தேன். "நீங்களே வச்சுக்கிடுங்க தம்பி. ஒரே ஒரு உதவி, ஞாயித்துக்கிழம தவிர ஒரு நாளும் வாசிக்காம இருக்காதீங்க" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். பஸ்ஸில் உட்கார்ந்து வீடு வரைக்கும் அழுதேன், கண்டக்டர் டிக்கெட்கூடக் கேட்காமல் தள்ளிப்போனார்.

வெறுங்கையோடு வந்ததைப் பார்த்து கிரேஸ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நடந்ததைச் சொன்னேன். என் சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்துக்கொண்டாள். பிறகு, "சரிதான். அவன் ஊதுனாத்தான் அவன்" என்றாள். அடுத்த நாளிலிருந்து ஒழுங்காகச் சாப்பிட்டாள். விளக்கேற்றிவிட்டு, டப்பாவைத் திறந்து, ரீடை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். எங்கள் வாழ்க்கை அப்படியே ஓடியது. அருள்ராஜ் தலையாட்டிக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார், அதற்காக அவருக்கு நான் என்றைக்கும் கடன்பட்டவன்.

இப்போது அவருக்கு இளைப்பு. மூச்சு பத்தாமல் வாசிப்பதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. நிறுத்தின அன்றே எனக்குச் சொல்லி அனுப்பினார். கிரேஸிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அன்று சாயங்காலம் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன், டப்பாவைத் திறந்தாள், ரீட் ஈரமாகத்தான் இருந்தது. மறுநாளும் ஈரம். ஒரு வருஷம் கழித்து அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்தேன், பெட்டி பரண்மேல் கிடக்கிறது, மேலே விரல் கனத்துக்குத் தூசி. யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. அப்படியானால் யார் வாசிக்கிறார்கள்? எனக்குத் தெரியாது. முன்பு காய்ந்து கிடந்த ஞாயிற்றுக்கிழமையில்கூட இப்போது காய்வதில்லை.

இதுகூடப் பரவாயில்லை, பழகிவிட்டது. தினமும் வாசிக்கிற ரீட் கொஞ்ச காலத்தில் தேய்ந்து போய்விடும், தூர எறிந்துவிட்டுப் புதுசு போடுவார்கள் என்று அருள்ராஜ் ஒருமுறை சொன்னார். டப்பாவிலேயே கிடக்கிற எங்கள் ரீட் தேய்கிறது. வருஷத்துக்கு வருஷம் மெலிந்து, நுனி கறுத்துக்கொண்டே வருகிறது. கிரேஸுக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது, ஈரத்தை மட்டும் தடவிப் பார்த்துக்கொள்கிறாள், நானும் சொல்லவில்லை. போன மாதம் ஒருநாள் அவள் வருவதற்கு முன்னாலேயே நான் டப்பாவைத் திறந்தபோது, ரீடின் நுனியில் ஒரு சின்னத் துண்டு உடைந்திருந்தது. முந்தின நாள் மூடினதும் நான்தான், அப்போது முழுசாக இருந்தது. உடைந்த துண்டை டப்பாவுக்குள் தேடினேன், கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன், அது உள்ளே இல்லை.