கந்தோர் ஐயா வீட்டு மெஷின்

கிளிநொச்சித் தையல் நிலையத்தில் மெஷின் பழுதானால் யாழ்ப்பாணத்துக்கு அனுப்புவார்கள். திரும்பி வர இரண்டு மாதம் ஆகும். அதுவரை பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார்கள். அறுபதுகளில் வெளிநாட்டிலிருந்து மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிட்ட ஒரு யூத ஆசிரியை வந்து, எங்களில் பத்துப் பேருக்கு மெஷின் திருத்தப் பழக்கினார். இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பிக் குடியேறிய வயற்காரி நான், அந்தப் பத்தில் ஒருத்தி.

மிஸ்ஸியை அனுப்பியது யூதர்கள் நடத்திய ஒரு தொழிற்கல்விச் சங்கம். அரைத் தமிழிலும் கைச்சாடையிலும் அவர் சொன்னதை நான் இப்படித்தான் விளங்கிக்கொண்டேன். அவருடைய பாட்டன் காலத்தில், அவர்கள் இருந்த நாட்டில் யூதர்களைக் காணி வாங்க விடவில்லை. வசதியான யூதர்கள் காசு சேர்த்து, ஏழைகளுக்குச் சோறு போடுவதை விடத் தொழில் பழக்குவது மேல் என்று பள்ளிக்கூடங்கள் திறந்தார்கள். பிறகு பெரிய யுத்தத்தில் வீட்டார் எல்லாரையும் இழந்து அகதி முகாமில் கிடந்த மிஸ்ஸிக்கும் அதே சங்கம்தான் ஒரு மெஷினையும் ஸ்பானரையும் கொடுத்தது.

படிப்பு முடிய, சேட்டிபிக்கற் கொடுக்க அரசாங்கக் கந்தோரிலிருந்து ஓர் அதிகாரி, கந்தோர் ஐயா, ஜீப்பில் வந்தார். அது கிடைத்தால்தான் நிலையத்தில் மெஷின் திருத்தும் வேலை. நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள்.

"கையெழுத்து வைப்பீரோ?" என்றார்.

"எழுத்து வராது ஐயா."

"அப்ப இவவை விடுங்கோ மிஸ்ஸி. எழுத்துத் தெரியாத ஆள் மெக்கானிக்கோ? ஊர் சிரிக்கும்."

மிஸ்ஸி யோசித்து, "கை, எழுத்து. இரண்டு சொல். கை இருக்கு. எழுத்து இல்லை. எனக்குக் கை காணும், அது போதும்" என்றார்.

பின்னால் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஐயாவுக்குக் கோபம். "ஜீப்பில எங்கட வீட்டு மெஷின் கிடக்கு. சில்லு அசையாது. யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு போறன். ஏலுமெண்டால் இவ திருத்தட்டும்."

இறக்கினோம். கையால் சுற்றுகிற சக்கரம், அந்தச் சில்லு, கல்லுப் போல நின்றது. மேல் மூடியைக் கழற்றி மோந்து பார்த்தேன்.

"ஐயா, இதுக்கு ஆர் எண்ணெய் விட்டது?"

"என்ர மனுசிதான். ஏன்?"

"தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறா. அது தலைக்கு ஐயா. மெஷினுக்குப் பிசின் மாதிரி இறுகும்."

நான் மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்தேன். துணியால் துடைத்தேன். திரும்பவும் விட்டேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லாரும் வரச் சில்லு சுற்றியது. மெஷின் எண்ணெய் விட்டு, ஐயா முகம் துடைக்கிற லேஞ்சியை வாங்கி, அதன் ஓரத்தை மெஷினில் மடித்துத் தைத்துக் கொடுத்தேன்.

அவர் அந்தத் தையலை நெடுநேரம் பார்த்தார். பிறகு கையெழுத்து வைக்கிற பாரத்தாளை எடுத்து வைத்து, மைப் பெட்டியைத் திறந்தார்.

"மை வேண்டாம் ஐயா" என்று, எண்ணெய்க் கறுப்போடு இருந்த பெருவிரலை அப்படியே அழுத்தினேன். ஒன்பது கையெழுத்துக்கும் கீழே அதுதான் பெரிதாக நின்றது.

வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். என்ன படித்தாய் என்று கேட்டு உங்களை வாசலில் நிறுத்தினால் திரும்பிப் போகாதீர்கள். பழுது எங்கே என்று கேளுங்கள்.