கூட்டி இரண்டால் வகுத்த கல்லூரி

இரண்டு கல்லூரிகளை ஒன்றாக்கிப் பல்கலைக்கழக வளாகம் ஆக்கப்போகிறோம் என்று அறிவிப்பு வந்த அன்று எங்கள் ஆசிரியர் அறையில் லட்டு கொடுத்தார்கள். நானும் ஒன்றுக்கு இரண்டாக வாங்கித் தின்றேன். கணக்கு வாத்தியார் என்று ஊர் கூப்பிட்டவனுக்குத் திடீரென்று பேராசிரியர் பட்டம் வருகிறதென்றால் இனிக்காமல் என்ன செய்யும்?

எங்கள் கல்லூரி ராயபுரத்தில் இருந்தது. முதல் பெல்லே பதினோரு மணிக்குத்தான். எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் காசிமேட்டுக்காரர்கள். விடிவதற்குள் விசைப்படகு வந்து, மீன் ஏலம் போய், எடுத்ததை மார்க்கெட்டில் விற்று, குளித்துவிட்டு வர அவ்வளவு நேரம் ஆகும். இன்னொரு கல்லூரி எண்ணூரில் இருந்தது. அங்கே ஏழு மணிக்கே பெல். அந்தப் பிள்ளைகள் மணலிப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் மதிய ஷிப்டுக்குப் போகிற ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஒரு மணிக்கு விட்டால்தான் இரண்டு மணிக்குக் கம்பெனி வாசலில் நிற்க முடியும். யாரோ விவரமானவர்கள் எந்தக் காலத்திலோ பிள்ளைகளைப் பார்த்து வைத்த நேரங்கள் அவை.

இணைப்புக்கென்று ஒரு குழு போட்டார்கள். அதன் தலைவர், பிற்பாடு வளாக இயக்குநர் ஆனவர், அடையாற்றிலிருந்து காரில் வருவார். ராயபுரம் பாலம் தாண்டினால் கார்க் கண்ணாடியை இறக்கமாட்டார், மீன் வாடை. குழு மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசியது சின்னத்தைப் பற்றி. எங்கள் சின்னத்தில் கலங்கரை விளக்கம், அவர்கள் சின்னத்தில் பல்சக்கரம். இரண்டு தரப்பும் மீசையை முறுக்கின. கடைசியில் பல்சக்கரத்துக்குள் கலங்கரை விளக்கத்தைச் செருகிவிட்டார்கள். கிரைண்டருக்குள் மெழுகுவத்தி விழுந்த மாதிரி இருந்தது. அதற்கும் எல்லாரும் கைதட்டினோம்.

இடத்துக்கும் அதே வைத்தியம்தான். ராயபுரமா எண்ணூரா என்று சண்டை வந்ததும், நடுவில் கிடக்கிற திருவொற்றியூரில் கட்டடம் கட்டினார்கள். நேரத்துக்கு மட்டும் சண்டையே வரவில்லை. "ஒண்ணு பதினொண்ணு, ஒண்ணு ஏழு. நடுவுல ஒன்பது வெச்சிடலாம். யாருக்கும் பாதகமில்ல" என்றார் தலைவர். கூட்டினால் பதினெட்டு, இரண்டால் வகுத்தால் ஒன்பது. பரீட்சைத் தாளில் எழுதியிருந்தால் முழு மார்க் போட்டிருப்பேன். ஒன்பது மணிக்குத் தொடங்கினால் காசிமேட்டுப் பிள்ளைகள் வர முடியாது. மூன்று மணிக்கு விட்டால் எண்ணூர்ப் பிள்ளைகள் வேலைக்குப் போக முடியாது. இரண்டு தரப்பையும் சரிசமமாகக் கெடுப்பதற்கு இவர்கள் அகராதியில் நியாயம் என்று பெயர். எழுந்து சொன்னேன். "யுனிவர்சிட்டின்னா ஒரு டிசிப்ளின் வேணாமா சார்?" என்று கேட்டு என்னை உட்காரவைத்தது என் கல்லூரி ஆட்களேதான். அவர்களில் பலருக்கு அண்ணாநகரில் வீடு, ஒன்பது மணி வசதி.

இறுதியாண்டுக் கணக்கு வகுப்பில் ஒரு பெண் படித்தாள். அப்பா விசைப்படகுத் தொழிலாளி, கடலுக்குப் போனால் நாள்கணக்கில் வரமாட்டார். அம்மா ஏலத்தில் மீன் எடுத்துக் காசிமேட்டிலேயே விற்பவர். அவர் கூவி விற்க, இவள் வெட்டிக் கொடுப்பாள். நான் போர்டில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்ப்பாள். இந்தப் பரீட்சையை முடித்துவிட்டு, பி.எட். படித்து, கணக்கு டீச்சர் ஆக வேண்டும் என்று இருந்தாள். அவளைப் போல ஒருத்தி கிடைப்பது அபூர்வம் என்று எனக்குத் தெரியும்.

புது வளாகத்தில் அவளுக்குத் தினமும் முதல் இரண்டு வகுப்பு போயிற்று. கேட்டதற்கு, "ஏலத்துல எடுத்தத வித்துட்டுத்தான சார் வரணும்? அம்மா ஒண்டியா இன்னா பண்ணும்? அப்பால பஸ்ஸு புட்சா, ரோடு பூரா கன்டெய்னர் லாரி நின்னுகினு கீது" என்றாள். வருகை போதவில்லை, பரீட்சை எழுத விடமாட்டோம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

அவளை அழைத்துக்கொண்டு இயக்குநரிடம் போனேன். கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும். அவர் போனைப் பார்த்தபடியே, "ஏம்மா, காலையில கொஞ்சம் சீக்கிரம் எழுந்திருக்கப் பழகு" என்றார். அவள் எழுந்திருக்கிற நேரத்தில் இவர் முதல் தூக்கத்தைக்கூட முடித்திருக்கமாட்டார். அந்த ஆளின் மேஜையைக் கவிழ்த்துவிடலாமா என்று இருந்தது. வெளியே வந்ததும் அவள், "இன்னும் சீக்கிரம்னா நானு தூங்கவே கூடாது சார்" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பரீட்சைக்கு முந்தின வாரம்தான் வளாகத்துக்கு முறைப்படி திறப்பு விழா. பெரிய மனிதர்களுக்கு மதிய விருந்து. காசிமேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஐஸ் மீனா போடுவது, அன்றைக்கு வந்த வஞ்சிரம்தான் வேண்டும் என்று இயக்குநர் உத்தரவு போட்டிருந்தார். நான் வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றேன். ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஐஸ் பெட்டியை ஒருபக்கம் அம்மாவும் இன்னொரு பக்கம் அவளும் பிடித்து இறக்கினார்கள்.

"மொத்தமும் ஒரே ஆர்டரு சார், மார்க்கெட்டுல குந்த வேண்டியதில்ல" என்றாள். உள்ளே பெல் அடித்தது. அவள் தலையைத் தூக்கிக் கேட்டாள். "பாத்தீங்களா, பெல்லுக்கு முன்னாலயே வந்துட்டேன்."

கடலோர மக்களின் கல்விக் கனவு நனவாகிவிட்டது என்று மேடையில் எல்லாரும் மாறி மாறிப் பேசினார்கள். விருந்தில் இயக்குநர் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ன ருசி சார்! யார் கொண்டுவந்தது?"

பரீட்சை எழுத விடாமல் நிறுத்திவைத்த அந்தப் பெண்தான் என்றேன். கொஞ்சமாவது உறுத்தும் என்று நினைத்த நான்தான் மடையன்.

"அப்படியா? எத்தனை மணிக்கு வந்தா?"

"ஒன்பதுக்கு முன்னாடியே."

"பார்த்தீங்களா, மனசு வெச்சா வர முடியுதில்ல?" என்று சொல்லிவிட்டு இன்னொரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டார்.