தட்டு மறையும் ஆழம்

நீல விளிம்பு போட்ட வெள்ளைப் பீங்கான் தட்டு. விளிம்பில் மூன்று துளைகள், அடியில் ஈயக்குண்டு, முழத்துக்கு ஒரு முடிச்சு போட்ட கயிறு. பாகூர் ஏரிக்குப் புறப்படும் நாட்களில் நான் முதலில் எடுத்து வைப்பது இதைத்தான். சீசாக்களும் வலைப்பையும் அப்புறம். நகரத்துப் பிரெஞ்சுக் கல்லூரியில் உயிர்நூல் கற்பித்த முசியே, தம் வீட்டு விருந்துத் தட்டுகளிலிருந்து இதை உருவிக்கொண்டு வந்தார். நீருக்குள் இறங்கும் தட்டு எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதோ, அதுதான் அந்த நீரின் தெளிவு. அப்போதெல்லாம் பார்ப்பது அவர் வேலை. கயிற்றை விட்டு முடிச்சைக் கவனிப்பது, அவருடைய சோதனைக்கூட உதவியாளரான என் வேலை. தட்டு மறைந்ததும் மெல்ல, “போச்சு” என்பார். தோணிக்காரர் விடமாட்டார். “இந்தத் தட்டுல என்னிக்குத்தான் சோறு போடுவீங்க, முசியே?”

யுத்தத்துக்கு முந்திய அந்த வருஷங்களில் ஏரி கலங்கிக் கிடந்தது. மாடுகள் இறங்கிக் கலக்கின. வேலம்பாசியையும் கோரையையும் ஊரார் வேரோடு பிடுங்கிக் கரையில் போட்டார்கள். அவை இருந்தால்தான் சேறு படியும், மீன் முட்டையிடும் என்பது முசியேயின் ஆராய்ச்சி. வடக்கு மூலையை மட்டும் இரண்டு மழைக்காலம் தொடாமல் விடுங்கள், தண்ணீர் தெளியும் என்று ஊர்க்கூட்டத்தில் வாக்குக் கொடுத்துக் கேட்டு வாங்கினார். தெளியாவிட்டால் அந்த மூலை மறுபடி மாடுகளுக்கு.

கெடு முடிவதற்கு முந்தைய நாள் காலை. பனி இன்னும் விலகவில்லை. தோணி போகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. கோரைக்குள் எங்கோ ஒரு நீர்க்கோழி மட்டும் கூப்பிட்டது. தூங்கப்போகும் முகம் போலத் தட்டு அவசரமில்லாமல் இறங்கியது. இரண்டாம் முடிச்சிலேயே “போச்சு” என்றார். போன தடவையைவிடக் குறைவு. நாளைக்கு ஊராரிடம் தோற்றுவிட்டேன் என்று சொல்லிவிட வேண்டியதுதான் என்றார். கயிறு பாசித்தண்டில் சிக்கியிருந்தது. விடுவிக்கக் குனிந்தேன். கீழே தட்டு தெரிந்தது. நீல விளிம்புகூடத் தெரிந்தது. குஞ்சு மீன்கள் அதன்மேல் நிழல் போட்டுக்கொண்டு போயின. இன்னும் கயிறு விட்டேன், இன்னும் தெரிந்தது. சொல்லாமல் இருக்க முடியாது. சொன்னால், அது ஏரியைப் பற்றிய சேதி மட்டுமல்ல என்பதும் புரிந்தது.

“முசியே, எனக்கு இன்னும் தெரியுது.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மூக்கு நீரைத் தொடுமளவு குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு தோணிக்காரர் பக்கம் திரும்பினார். அவர் இந்த முறை கேலி செய்யவில்லை.

“எனக்கும் தெரியுதே, முசியே. வெள்ளையா கெடக்குது.”

“அப்ப ஏரிக்கு ஒண்ணுமில்ல” என்றார் முசியே. “என் கண்ணுதான் கலங்கிடுச்சு.”

அத்தனை நிம்மதியான முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. மறுநாள் ஊர்க்கூட்டத்திலும் அதையே சொன்னார். நம்பாதவர்களைத் தோணியில் ஏற்றினோம். மாடுகளுக்காக மூலையைக் கேட்டுக்கொண்டிருந்த நிலக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, “இன்னாபா இது, போவவே மாட்டேங்குது” என்றார். வடக்கு மூலை தப்பியது.

இப்போது பார்ப்பதும் என் வேலை. பார்வை மங்கிப்போன முசியே மாட்டுவண்டியில் என்னோடு வந்து, கரையில் பனையடியில் காத்திருக்கிறார். கரையேறியதும் சொட்டும் தட்டை அவர் மடியில் வைக்கிறேன். ஆழத்தை நான் சொல்லக்கூடாது. தட்டிலிருந்து மேலே, முடிச்சு முடிச்சாக, ஈரக் கயிற்றின் மீது அவர் விரல்கள் ஊர்ந்து போகின்றன. இன்னும் ஈரம், இன்னும் ஈரம். உலர்ந்த கயிறு தட்டுப்பட்டதும் விரல்கள் நிற்கின்றன.

மெல்ல, “போச்சு” என்கிறார்.